எலி அல்ல, எலியின் புழுவும் அல்ல

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டால் மூஞ்சூறு லயத்துக்குள் வந்துவிடும். காம்பராவின் நடுவில் ஓடாது, சுவரோரம்தான் அதற்கு வழி. கண் அவ்வளவாகத் தெரியாத பிராணி. நீண்ட மூக்கும் மீசையும் சுவரைத் தடவிக்கொண்டு முன்னே போக, உடம்பு பின்னால் வரும். வரும்போதே சில்லறையைக் குலுக்கினாற்போல ஒரு கீச்சொலி. சீனர்கள் அதைக் 'காசெலி' என்று அழைப்பது இந்தச் சத்தத்துக்காகத்தான்.

நான் விளக்குமாற்றை எடுத்தால் அப்பாயி கையைப் பிடித்துக்கொள்வார். "புள்ளையாரு வாகனத்தையா அடிக்கப் போற? அது பூச்சி தின்ன வந்திருக்கு, தின்னுட்டுப் போயிரும்." கோதுமை மா மூட்டையைக் கடித்த எலிக்கு இரவோடிரவாகப் பொறி வைப்பவரும் அதே அப்பாயிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எலி வேறு, மூஞ்சூறு வேறு என்பதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை. எது தானியத்தைத் தின்னும், எது பூச்சியைத் தின்னும் என்று பார்த்தே பிரித்து வைத்திருந்தார். பூனையும் அப்படித்தான். எலியைக் கொன்றால் தின்னும். மூஞ்சூறைக் கொன்றால் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடும். விலாப்புறச் சுரப்பியிலிருந்து வரும் அந்தக் கஸ்தூரி வாடை பூனைக்கு ஆகாது.

படித்தவர்கள் பலர் இதில் சறுக்கியிருக்கிறார்கள். இந்த அத்தியாயம் மூஞ்சூறின் குடலில் வாழும் நாடாப்புழுக்களை எப்படி இனம் பிரிப்பது என்பதைப் பற்றியது. அந்த வேலையில் நடந்த பிழைகளில் பாதியாவது, எலியையும் மூஞ்சூறையும் ஒன்றாக்கிப் பார்க்கும் பழக்கத்தின் தூரத்துச் சொந்தம்.

எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கொறிக்கும் விலங்குகளின் வருணத்தைச் சேர்ந்தவை. முன்னால் உளி போன்ற வெட்டுப்பற்கள், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மூஞ்சூறுக்கு அது கிடையாது. அதன் வாய் நிறையச் சின்னச் சின்ன ஊசிப் பற்கள். வண்டின் ஓட்டைக் குத்தி உடைக்க ஏற்றவை. அதற்கு நெருங்கிய சொந்தம் முள்ளெலியும், குளிர்நாடுகளில் மண்ணுக்குள் சுரங்கம் பறிக்கும் அகழெலியும். இந்த இரண்டின் பெயரிலும் 'எலி' இருப்பதை என்ன செய்வது? தமிழ் தாராளமாக வைத்த பெயர்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. எலியால் வாந்தி எடுக்க முடியாது, மூஞ்சூறால் முடியும். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வீட்டு மூஞ்சூறுகளை ஆடும் மேடையில் வைத்துக் குலுக்கி, பயண வாந்தியை ஆராயத் தொடங்கியது அதனால்தான். ராகலையிலிருந்து வலப்பனைக்கு வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் எலியைவிட மூஞ்சூறு நெருக்கம்.

நமக்கு வேண்டியது வயிற்றின் கீழ்ப்பகுதி. மூஞ்சூறுக்குப் பெருங்குடல்வால் இல்லை. குடல் நேரான, குட்டையான ஒரு குழாய். உடம்பு சிறிது, சூடு சீக்கிரம் போய்விடும், ஆகவே ஓயாமல் தின்ன வேண்டும். தின்றது சில மணி நேரத்துக்குள் மறுபக்கம் வந்துவிடும். அவ்வளவு வேகமாக ஓடும் வாய்க்காலில் நாடாப்புழு பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாது. மூஞ்சூறு புழுக்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. சில, தலையிலிருந்து வால்வரை ஒரு சில மில்லிமீற்றர்தான். மனிதக் குடலில் மீற்றர் கணக்கில் நீளும் மாட்டு நாடாப்புழுவை மனதில் வைத்துக்கொண்டு தேடுபவருக்கு இவை புழுவாகவே தெரியாது. நூல் பிசிறு என்று கழுவி ஊற்றிவிடுவார்.

புழு உள்ளே போகும் வழி சாப்பாடு. முட்டை மூஞ்சூறின் எச்சத்தோடு வெளியேறும். ஒரு வண்டோ, தெள்ளோ, மரவட்டையோ அதைத் தின்னும். முட்டைக்குள் ஆறு கொக்கிகளோடு காத்திருக்கும் கரு, பூச்சியின் குடலைத் துளைத்து உடற்குழிக்குள் போய் ஒரு குட்டிப் பையாக மாறும். அந்தப் பூச்சியை மூஞ்சூறு தின்றால் பை திறந்துகொள்ளும், தலை குடலில் ஒட்டிக்கொள்ளும். தேயிலை மலையில் கவ்வாத்து முடிந்தபின் செடிகளுக்கடியில் கிடக்கும் குச்சியும் இலையும் மக்கும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். வண்டுகள், மண்புழுக்கள், தொட்டதும் சுருண்டு உருண்டையாகும் மரவட்டைகள் அத்தனையும் அகப்படும். மூஞ்சூறுக்கு அது கடை. புழுவுக்கு அது பஸ் நிறுத்தம்.

*

நான் முதன்முதலாக ஒரு மூஞ்சூறின் குடலைத் திறந்து பார்த்தது பட்டப்படிப்பின் கடைசி வருடம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது பூனை கொன்று கானோரம் போட்டிருந்த ஒன்றை, ஐஸ் போட்ட டிபன் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் மூக்கைச் சுளித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடி கறுப்பாக உள்ள தட்டில் உப்புத்தண்ணீர் ஊற்றி, குடலை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால், சளியோடு சளியாக வெள்ளை இழைகள் மிதந்து வரும். கறுப்புத் தட்டு இல்லாவிட்டால் கண்ணுக்கே படாது. நான் செய்த தவறு, அவசரப்பட்டது. நல்ல இழையாக ஒன்றை ஊசிநுனியில் எடுத்து நேரே ஸ்பிரிட்டில் போட்டேன். நெருப்பில் காட்டிய மயிர் போல அது சுருண்டுவிட்டது. உயிரோடு உள்ள புழு, மதுசாரம் பட்டதும் தசை அத்தனையையும் இறுக்கிக்கொள்ளும். அப்படி இறுகியதை விரிக்க எந்த வழியும் இல்லை. முதலில் வெறுந்தண்ணீரில், குளிரில், அது தளர்ந்து நீண்டு கிடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் மதுசாரம்.

பிறகு சாயம். கார்மைன் என்னும் சிவப்பு, கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் ஒரு செதிற்பூச்சியை உலர்த்தி எடுப்பது. புழு முழுவதையும் அதில் ஊறவைத்து, அதிகச் சாயத்தை அமிலத்தால் கழுவி, படிப்படியாகச் செறிவு கூடிய மதுசாரங்களில் தண்ணீரை இறக்கி, கடைசியில் கராம்பு எண்ணெயில் போட வேண்டும். அதுவரை பால்போல் மங்கலாக இருந்த உடம்பு, எண்ணெய் ஏற ஏறக் கண்ணாடியாகத் தெளியும். உள்ளே சிவப்பு உறுப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஆய்வுகூடம் முழுக்கப் பல்வலிக்காரர் வீட்டு வாடை. கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் காயும் கராம்புக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நுணுக்குக்காட்டியின் கீழ் முதலில் தேடுவது தலை. ஊசியின் தலையைவிடச் சிறியது. நாலு மூலையில் நாலு உறிஞ்சிகள், கிண்ணம் கவிழ்த்தாற்போல. உச்சியில் ஒரு சதை முனை இருக்கும். புழு அதை நீட்டும், உள்ளே இழுத்துக்கொள்ளும். ரோஸ்டெல்லம் என்று பெயர். அதைச் சுற்றிக் கிரீடம் போலக் கொக்கிகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் எத்தனை, எவ்வளவு நீளம், கொக்கியின் கைப்பிடி நீண்டதா கத்தி நீண்டதா, நடுவில் உள்ள காவல் முனை மழுங்கியதா கூரியதா என்று பார்க்க வேண்டும். ஒரு கொக்கியின் நீளம் மைக்ரோமீற்றரில்தான் சொல்ல முடியும், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில். சரியாக அளக்க, தலையை மட்டும் தனியே வெட்டி, பெர்லேஸ் கலவையில் வைத்து, மூடித்துண்டை மெல்ல அழுத்தி, கொக்கிகள் எல்லாம் பக்கவாட்டில் படுக்கும்படி நசுக்க வேண்டும். ஒரு புழுவுக்கு ஒரு தலைதான். நசுக்கிக் கெடுத்தால் போனது போனதுதான்.

அதன்பின் கண்டங்கள். நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தோல் முழுவதாலும் உறிஞ்சி வாழும் உயிருக்குச் சமையலறை எதற்கு? ஒவ்வொரு கண்டத்திலும் நிறைந்திருப்பது இனப்பெருக்க உறுப்புகள், ஆணும் பெண்ணும் சேர்ந்தே. கழுத்தோரக் கண்டங்கள் இளசு, நடுவில் முதிர்ந்தவை, வால்பக்கம் முட்டையால் நிறைந்தவை. நடுக்கண்டம் ஒன்றைத் தெரிவுசெய்து விதைகளை எண்ண வேண்டும். நம் பள்ளிக்கூட உயிரியலில் விந்து உண்டாகும் உறுப்புக்கு 'விதை' என்றுதான் பெயர். நல்ல பெயர். மாட்டு நாடாப்புழுவின் ஒரு கண்டத்தில் விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூஞ்சூறின் புழுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மூன்றே மூன்று.

எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த கண்டத்திலும் மூன்று. சிவப்பு உருண்டைகள் மூன்று, பாக்குச் சீவல் தட்டில் கிடப்பதுபோல. ஹைமெனோலெபிடிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். அதற்கு மேல் கேள்விகள் நுணுக்கமாகும். மூன்றும் ஒரே கோட்டில் உள்ளனவா, முக்கோணமாகவா? சூலகம் நடுவில் இருக்கிறதா, ஒதுங்கியிருக்கிறதா? இனப்பெருக்கத் துவாரங்கள் எல்லாக் கண்டங்களிலும் ஒரே பக்கம் திறக்கின்றனவா? முட்டைகள் கருப்பைக்குள் கொட்டிக்கிடக்கின்றனவா, அல்லது கருப்பை சிதைந்து சிறு சிறு உறைகளாகப் பிரிந்து முட்டைகளைப் பொதிந்து வைத்திருக்கிறதா?

*

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது, சில பெயர்களுக்குப் பின்னால் வழக்கும் இருக்கிறது.

பிரான்ஸின் ரென் நகரப் பேராசிரியர் பெலிக்ஸ் துஜார்தன், 1845இல் வெளியிட்ட குடற்புழு நூலில் மூஞ்சூறுப் புழுக்கள் பலவற்றை விவரித்தார். அப்போது எல்லாமே 'டீனியா'தான். நாடா மாதிரி இருந்தால் டீனியா. 1858இல் வைன்லாண்ட் ஹைமெனோலெபிஸ் என்ற பெயரைப் பிரித்தெடுத்தார். 1877இல் வில்லோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், சுருண்டு உருண்டையாகும் மரவட்டை ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, அதன் உள்ளே புழுவின் குட்டிப் பைகள் திராட்சைக் குலைபோல் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கக் கண்டார். ஒரு முட்டையிலிருந்து ஒரு புழு என்ற கணக்கு அங்கே உடைந்துவிட்டது. குலைக்குக் கிரேக்கத்தில் ஸ்டஃபிலே. ஆகவே ஸ்டஃபிலோசிஸ்டிஸ். அந்தப் பேரினத்தின் வளர்ந்த புழுக்கள் மூஞ்சூறின் குடலில் கொக்கிக் கிரீடத்தோடு வாழ்பவை. பாடநூல்கள் பேரினத்தைச் 'சாதி' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லில் வேறு வாடை அடிப்பதால் நான் பேரினம் என்றே எழுதுகிறேன்.

கருப்பை உறைகளாகச் சிதையும் வகைக்கு 1935இல் ஜோயூ, பேர் என்ற இருவர் ஸ்யூடைமெனோலெபிஸ் என்று பெயரிட்டார்கள், 'பொய் ஹைமெனோலெபிஸ்' என்று பொருள். முதல் இனத்தின் பெயர் ரெடோனிக்கா. துஜார்தன் வேலை பார்த்த அதே ரென் நகரின் பழைய பெயரிலிருந்து வந்தது. 1952இல் போலந்தில் சொல்ட்டிஸ் விவரித்த டிடெஸ்டோலெபிஸுக்கு மூன்று விதைகூட இல்லை, இரண்டுதான். அது வாழ்வது பல்நுனி சிவந்த மூஞ்சூறுகளில். குளிர்நாட்டு மூஞ்சூறுகளின் பல்நுனியில் இரும்பு படிந்து, வெற்றிலை போட்டவர் பல்போல இருக்கும். நம் மலைகளில் உள்ளவை எல்லாம் வெள்ளைப் பல்காரர்கள். ஸ்யூடைமெனோலெபிஸ் இந்த வெள்ளைப் பல் கூட்டத்தின் புழு. எனவே மூஞ்சூறின் வாயைத் திறந்து பார்த்தாலே உள்ளே எந்தப் புழுவைத் தேடலாம், எதைத் தேட வேண்டாம் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

எலிப் புழு எதில் வேறுபடும்? எலிக்கு மிகவும் தெரிந்த புழு ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா. 20 முதல் 60 சென்ரிமீற்றர் நீளம், தலையில் கொக்கி கிடையாது. எலிகளிலும் மனிதர்களிலும் உள்ள குள்ளப் புழு நானா, சில சென்ரிமீற்றர்தான், 20 முதல் 30 கொக்கிகள் ஒரே வரிசையில். இரண்டுக்கும் மூன்று விதைகள்தான். ஆகவே அவசரக்காரர் ஒருவர் மூஞ்சூறில் கொக்கியுள்ள சின்னப் புழுவைக் கண்டால் 'நானா' என்றும், கொக்கியில்லாததைக் கண்டால் 'டிமினூட்டா' என்றும் எழுதிவிடலாம். கொக்கியின் வடிவத்தையும் முட்டையின் உறையையும் பார்த்தால் இரண்டும் வேறு என்று தெரியும், பார்த்தால்.

நானாவின் கதையே ஒரு வழக்குக் கட்டு. 1851இல் தியோடோர் பில்ஹார்ஸ் கெய்ரோவில் ஒரு சிறுவனின் குடலில் கண்டது. மறுவருடம் சீபோல்ட் பெயரிட்டார். அந்த நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கிராஸி, இந்தப் புழுவுக்குப் பூச்சியே தேவையில்லை, முட்டை நேரே அடுத்த வாய்க்குப் போய் வளர்ந்துவிடும் என்று காட்டினார். பிள்ளைகளுக்கிடையே பரவுவது அதனால்தான். 1954இல் ரஷ்யாவின் ஸ்பாஸ்கி பேரினங்களைப் பிரித்தபோது, கொறிக்கும் விலங்குகளின் புழுக்களுக்கு ரோடென்டோலெபிஸ் என்றும் வௌவால்களின் புழுக்களுக்கு வாம்பிரோலெபிஸ் என்றும் பெயர் வைத்தார். இன்றைக்கும் ஒரே நானாவை ஒருவர் ஹைமெனோலெபிஸ் என்பார், ஒருவர் ரோடென்டோலெபிஸ் என்பார், இன்னொருவர் வாம்பிரோலெபிஸ் என்பார். மருந்துக் கடையில் மூன்றுக்கும் பிராசிகுவாண்டல்தான். மூஞ்சூறின் புழு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அது பூச்சியைத் தின்னும் வாயைத்தான் தேடிப் போகிறது.

*

நம் மலைநாட்டுக்கு வருவோம். இங்கே மூஞ்சூறு ஒன்று அல்ல என்பதை முதலில் எழுதி வைத்தவர் இலங்கையிலேயே பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட். 1850ஐ ஒட்டி நுவரெலியாவின் குளிரில் இருந்துகொண்டு அவர் விவரித்தவற்றில் மலைநாட்டு மூஞ்சூறும், நீண்ட நகங்களுள்ள ஃபெரோகுலஸும் உண்டு. 1924இல் லண்டனின் ஓல்ட்ஃபீல்ட் தோமஸ், ஹக்கலையில் அகப்பட்ட இன்னொரு நீள்நகக்காரனுக்குக் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளர் ஜோசப் பியர்சனின் பெயரைச் சேர்த்துச் சொலிசோரெக்ஸ் பியர்சோனி என்று வைத்தார். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பேரினம் அது.

பிறகு வந்தவர் தேயிலைத் தோட்டத்துரை. டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் தோட்டம் பார்த்துக்கொண்டே பாலூட்டிகளைச் சேகரித்தவர், 1935இல் இலங்கைப் பாலூட்டிகளுக்கு ஒரு கைநூலே எழுதினார். 1929இல் நீண்ட வாலுள்ள ஒரு மூஞ்சூறுக்கு அவர் வைத்த பெயர் குரோசிடூரா மியா. சிங்களத்தில் மீயா என்றால் எலி! அப்பாயி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 2007இல் சிங்கராஜக் காட்டிலிருந்து சுயாமா மேகஸ்கும்புர குழுவினர் புதிய இனம் ஒன்றை விவரித்தபோது அதே பேரினத்தில் ஹிக்மியா என்று வைத்தார்கள். ஹிக்-மீயா என்றால் மூஞ்சூறு. எழுபத்தெட்டு வருடம் கழித்துச் சொல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை மூஞ்சூறுகள் இருக்கும் மலையில், அவற்றின் குடலைத் திறந்து பார்த்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தார். விலங்கியற் பேராசிரியர் ஹிலரி குரூஸும் சண்முகசுந்தரமும் 1971இல் பிரெஞ்சு ஒட்டுண்ணியியல் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: இலங்கையின் எச்ச விலங்குகளின் ஒட்டுண்ணிகள், முதற் பகுதி. மலைநாட்டுச் சிறு பாலூட்டிகளிலிருந்து புதிய நாடாப்புழு இனங்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ஸ்யூடைமெனோலெபிஸ் ஐசன்பெர்கி. ஐசன்பெர்க் என்ற பெயர் இலங்கை விலங்கியலில் பழகிய பெயர். ஜோன் ஐசன்பெர்க் மெக்கேயோடு சேர்ந்து 1970இல் இலங்கைப் பாலூட்டிகளின் பட்டியலைத் தந்தவர். இன்னொன்று சொலிசோரிசிஸ், சொலிசோரெக்ஸிலிருந்து வந்த பெயர். ரென் நகரத்தில் பிறந்த ஒரு பேரினப் பெயர் நம் மலைக்கு வந்து சேர்ந்த வழி இது.

கட்டுரையின் தலைப்பில் உள்ள 'எச்ச' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் சேர்ந்தே கிடந்தன. கடைசியாகப் பிரிந்து ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுதான். நடந்தே வந்துபோகலாம் என்றால் இரு பக்கமும் ஒரே விலங்குகள் இருக்க வேண்டும். ஆனால் மலையுச்சியின் ஈரத்தில் வாழும் உயிர்கள் இடையிலுள்ள வெயிற்காட்டைக் கடப்பதில்லை. 2004இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, மரத்தவளை, நன்னீர் நண்டு போன்ற பல கூட்டங்களில் இலங்கையின் இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இனங்களிலிருந்து மிக நீண்ட காலமாகத் தனித்தே வந்திருப்பதைக் காட்டியது. மூஞ்சூறும் விலக்கல்ல. நீலகிரியின் கறுத்த மூஞ்சூறையும் நுவரெலியாவின் கறுத்த மூஞ்சூறையும் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணியிருந்தார்கள். 2008இல் மேகஸ்கும்புரவும் ஷ்னைடரும் மரபணுவைப் பார்த்து, இலங்கையினது மொன்டானஸ், இந்தியாவினது நைகர், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றார்கள். அதற்கு முந்திய பல நூல்களில் நம் மலைநாட்டு மூஞ்சூறு, லயத்துக்குள் கீச்சிடும் வீட்டு மூஞ்சூறின் ஒரு கிளையினமாகத்தான் இருந்தது.

மூஞ்சூறு பிரிந்தால் புழுவின் ஏட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு கண்ணாடித் துண்டில் 'வீட்டு மூஞ்சூறு, நுவரெலியா' என்று எழுதியிருந்தால், அது உலகமெங்கும் கப்பலேறிப் போன வீட்டு மூஞ்சூறா, இந்த மலையை விட்டு எங்கும் போகாத மொன்டானஸா? முன்னது என்றால் அதன் புழு ஆசியா முழுக்கப் பரவிய சரக்காக இருக்கலாம். பின்னது என்றால் மலையோடு தனித்துப்போன பழைய குடி. பெயர்ச்சீட்டில் ஒரு சொல்தான் மாறுகிறது, புழுவின் வரலாறே மாறிவிடுகிறது. உயரம் குறித்திருந்தால் ஊகிக்கலாம். தோலும் மண்டையோடும் பாதுகாத்து வைத்திருந்தால் உறுதியாகவே சொல்லலாம். புழுவியல்காரர்கள் குடலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடும் பழக்கம் உள்ளவர்கள். இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

*

மூன்று விதை, கொக்கிக் கணக்கு, நீளம். இவ்வளவு துல்லியமான அளவுகள் கையில் இருந்தும் ஏன் பெயர்கள் ஓயாமல் மாறுகின்றன? ஏனென்றால் இந்த அளவுகளே நம்மை ஏமாற்றும்.

நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் கிளார்க் ரீட் எலிப் புழுவை வைத்து நெரிசல் விளைவைப் பற்றி எழுதினார். ஒரு குடலில் ஒரு புழு இருந்தால் தாராளமாக வளரும். பத்து இருந்தால் பத்தும் குறுகிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் எட்டுப்பேர் படுக்கும் கதைதான். குட்டையாக இருப்பதாலேயே ஒன்றை வேறு இனம் என்றால், நெரிசலுக்குப் பெயர் வைத்ததாக முடியும்.

விதைகளின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புழுவின் ஒரு கண்டத்தில் முக்கோணம், நாலு கண்டம் தள்ளி ஏறத்தாழக் கோடு. முக்கோணம் என்று எழுதியவரும் கோடு என்று எழுதியவரும் ஒரே புழுவைத்தான் பார்த்தார்களா என்று சந்தேகம் வருவதில் நியாயம் உண்டு. சில கண்டங்களில் விதை இரண்டாகவோ நான்காகவோகூட இருந்துவிடும்.

மிகப் பெரிய ஏமாற்று கொக்கிதான். விலங்கு செத்துச் சில மணி நேரம் ஆனதும் புழுவும் அழுகத் தொடங்கும். கொக்கிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். தலையைப் பார்ப்பவருக்கு வழுக்கை முனைதான் தெரியும், கொக்கியில்லாத இனம் என்று எழுதிவிடுவார். உண்மையில் கொக்கி இல்லாததற்கும் உதிர்ந்துபோனதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, புதிதாகச் செத்த விலங்கின் புழு வேண்டும், பல தலைகள் வேண்டும், பொறுமை வேண்டும். முடிவெட்டிய தலையையும் சொட்டைத் தலையையும் போட்டோவில் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் எப்படி?

கொக்கி உண்மையாகவே இல்லாதிருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. 2010இல் பின்லாந்தின் வொய்ட்டோ ஹௌகிசல்மியும் கூட்டாளிகளும் பாலூட்டிகளில் வாழும் இந்தக் குடும்பத்துப் புழுக்களின் ரைபோசோம் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நாலு பெரிய கிளைகள் தெரிந்தன. டிடெஸ்டோலெபிஸ் கிளை மூஞ்சூறுக்கே உரியது. ஆனால் ரோடென்டோலெபிஸ் கிளையைப் பார்த்தால், எலிகளின் புழுக்களோடு மூஞ்சூறுகளின் ஸ்டஃபிலோசிஸ்டிஸும் வந்து உட்கார்ந்திருந்தது. கொக்கியோ, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தொலைந்துபோயிருந்தது. கொக்கியில்லாத இரண்டு புழுக்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொத்தை இழந்த இரண்டு குடும்பங்கள் ஒரே குடும்பம் ஆகிவிடுமா?

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஸ்டஃபிலோசிஸ்டிஸ். எலியும் மூஞ்சூறும் உறவில்லை என்று இத்தனை பக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவற்றின் புழுக்களோ உறவு கொண்டாடுகின்றன. அதற்குக் காரணம் இரத்தம் அல்ல, சாப்பாடு. ஒரே மக்கும் இலையில் ஒரே வண்டை இன்றைக்கு மூஞ்சூறு தின்கிறது, நாளைக்கு எலி தின்கிறது. எத்தனையோ இலட்சம் தடவை தவறான வயிற்றுக்குள் போய்ச் செத்த புழு, ஒரு தடவை பிழைத்துக்கொண்டால் போதும், புதிய பரம்பரை தொடங்கிவிடும். ஸ்பாஸ்கி விலங்கைப் பார்த்துப் புழுவுக்குப் பெயர் வைத்தார். புழு தட்டைப் பார்த்து இடம் மாறியிருக்கிறது.

அதற்காக நுணுக்குக்காட்டியை மூடி வைக்கச் சொல்லவில்லை. மரபணு வரிசை ஒன்று தனியாகக் கிடந்தால் அது எழுத்துக்கூட்டம்தான். அதற்குச் சொந்தமான புழுவின் கொக்கி எப்படி, விதை எப்படி, எந்த மூஞ்சூறின் குடலில் இருந்து வந்தது என்று யாராவது வரைந்து வைத்திருந்தால்தான் அது பேசும். இப்போது வேலை செய்பவர்கள் ஒரே புழுவை மூன்றாக வெட்டுகிறார்கள். தலை பெர்லேஸ் கலவைக்கு, நடு கார்மைனுக்கு, வால் சுத்தமான மதுசாரத்தில் மரபணுவுக்கு. மூஞ்சூறின் காது நுனியோ ஈரல் துண்டோ பக்கத்திலேயே இன்னொரு குப்பியில். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் காட்டு மூஞ்சூறைப் பிடிக்க முடியாது. பூனை கொன்று போட்டதற்கு மட்டும் யாரும் அனுமதி கேட்பதில்லை.

என் முதல் கண்ணாடித் துண்டு இன்னும் மரப்பெட்டியில் இருக்கிறது. புழுவை ஒட்டி வைத்த கனடா பால்சம் பிசின் ஓரங்களில் மஞ்சளாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் கராம்பு வாடை இலேசாக வரும், அல்லது வருவதாக எனக்குத் தோன்றும். விளக்கில் பிடித்தால் நடுக்கண்டங்கள் இன்றைக்கும் தெளிவு: மூன்று விதைகள், ஏறத்தாழ ஒரே கோட்டில், ஒன்று இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். தலையில் கொக்கி ஒன்றுகூட இல்லை. பூனை அதைக் கொன்றது முந்திய இரவிலா, விடிகாலையிலா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கண்டங்கள் ஐஸ்பெட்டியில் பஸ் ஏறிப் பல மணி நேரம் வந்தவை. மூஞ்சூறின் உடம்பை அன்றைக்கே ஆய்வுகூடக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். வாலின் நீளம் அளக்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை, தோட்டத்தின் உயரத்தையும் குறிக்கவில்லை. பெயர்ச்சீட்டில் என் கையெழுத்தில் நீல மையில் இரண்டே சொற்கள்: 'எலிப் புழு'. அதன் கீழே, வலப்பனை.